சாதுப் பிள்ளையும் சமனான துடிப்பும்

"எங்க பேரன் ரொம்ப சாது, பால்கூடக் கேக்காமத் தூங்குறான்" என்று பத்து நாள் பிள்ளையைப் பற்றிப் பெருமைப்படும் பாட்டிமார் எங்கள் கரடியூர்ப் பக்கம் உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அந்தச் சாதுத்தனத்தைப் பற்றித்தான் இந்தத் தடவை சொல்லப்போகிறேன். முதலில் பிள்ளையின் இதயத்தைக் கொஞ்சம் கேட்போம்.

பிறந்த குழந்தையின் இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 120 முதல் 160 தடவை துடிக்கும். சுவர்க் கடிகாரம் மாதிரி ஒரே அளவில் துடித்தால்தான் நல்லது என்று தோன்றும், இல்லையா? அதுதான் இல்லை. ஆரோக்கியமான பிள்ளைக்கு ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி துளித்துளி மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் நிதானம். இதயத்துக்கு வரும் நரம்புகளில் ஒன்று விரட்டும், இன்னொன்று கடிவாளம் பிடிக்கும். இரண்டும் விழிப்பாக இருப்பதற்கு அடையாளமே இந்த ஏற்ற இறக்கம். குறைமாதப் பிள்ளைக்கு இது குறைவு, வளர வளரக் கூடும். கையை வைத்துப் பார்த்தால் நமக்குப் பிடிபடாது, எந்திரத்துக்குத்தான் தெரியும்.

பிரசவ அறையில் வயிற்றில் இரண்டு பட்டை கட்டிக் காகிதத்தில் கோடு ஓடவிடுகிறார்களே, அதில் பார்ப்பதும் இதைத்தான். நிமிஷத்துக்கு 5 முதல் 25 துடிப்பு வரை கோடு மேலும் கீழும் ஆடினால் நிம்மதி. பிள்ளை உள்ளே தூங்கினாலும் கொஞ்ச நேரம் ஆட்டம் குறையும். அதனால் டாக்டர் காத்திருந்து பார்ப்பார், உடனே பயந்துவிடக் கூடாது. வயிற்றுப் பிள்ளை தவிக்கும்போது துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்னாலேயே இந்த ஆட்டம் மாறிவிடுகிறது என்று 1963-ல் அமெரிக்காவில் ஹான், லீ என்ற இருவர் எழுதினார்கள்.

பிறந்த பிறகும் அதே கதைதான். ரத்தத்தில் கிருமி சேர்ந்தால், காய்ச்சல் தெரியும் முன்பே ஆட்டம் அடங்கி, நடுநடுவே துடிப்பு சட்டென்று இறங்கும். அமெரிக்காவில் 1500 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள 3003 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2011-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு எந்திரம் கணக்கிட்ட ஆபத்து எண்ணை டாக்டர்களுக்குக் காட்டினார்கள், மீதிப் பேருக்குக் காட்டவில்லை. காட்டாத பக்கம் நூற்றுக்கு 10.2 குழந்தைகள் இறந்தன, காட்டின பக்கம் 8.1. இதற்கென்று தனி மருந்து எதுவும் இல்லை பாருங்கள், கொஞ்சம் முன்னாடியே தெரிந்துகொண்டது மட்டும்தான்!

வீட்டில் அந்த எந்திரம் கிடையாது. கண்ணும் கையும் உண்டு. எழுப்பினாலும் பால் குடிக்காதது, குடித்த பிள்ளை சப்புவதைக் குறைப்பது, தொட்டால்தான் அசைவது, அழுகை மெலிவது, உள்ளங்கால் சில்லிட்டுப் போவது, அமைதியாக இருக்கும்போதே நிமிஷத்துக்கு 60-க்குக் குறையாமல் மூச்சு வாங்குவது, விலாவுக்குக் கீழே குழி விழுவது, அக்குளில் 99.5 டிகிரியோ அதற்கு மேலோ, வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் அது சாதுத்தனம் இல்லை. உரை மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று உட்காரவே கூடாது. பிரசவமாகி வீடு வந்த பிறகு 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் ஆஷா பெண் வந்து பார்ப்பது திட்டத்திலேயே இருக்கிறது. வரும்போது பிள்ளையை முழுசாகத் துணி விலக்கிக் காட்டுங்கள். மூடி மூடி வைத்தால் அவள் எதைப் பார்ப்பாள்?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்ற பேச்சு மலையில் வேண்டாம், ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியில் பிள்ளையைத் தனியாகத் துணியில் சுற்றி மடியில் போடாமல், குல்லாய் போட்டு, உடம்போடு உடம்பு ஒட்ட அம்மாவின் மார்பில் அணைத்து மேலே சால்வையைப் போர்த்துங்கள். மூக்கும் வாயும் மட்டும் திறந்திருக்கட்டும். குடிக்க முடிந்தால் வண்டி கிளம்பும் முன்பே தாய்ப்பால் கொடுத்துவிடுங்கள்.