பள்ளிக்கூட சினிமாவும் பிறவி முத்திரையும்

பூவிருந்தவல்லியிலிருந்து பெங்களூர் போகும் ரஸ்தாவில், நமது நசரத்பேட்டையை ஒட்டிச் செம்பரம்பாக்கத்துப் பக்கம் சினிமாப் படம் பிடிக்கும் இடம் இருக்கின்றது. சினிமாவுக்காகப் போடப்படும் பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்பது தோழர்கள் அறிந்ததேயாகும். முன்னால் சுவரும், ஜன்னலும், பெயர்ப் பலகையும் இருக்கும். பின்னால் போனால் பலகையும் முட்டுக்கொம்புந்தான். அதைப்பற்றி நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்குள் உட்கார வைக்கப்படும் பிள்ளைகளும் முன்பக்கம் மாத்திரம் உடையவர்களாய் இருக்கின்றார்களே, அதைப்பற்றியே சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கின்றது.

பள்ளிக்கூடக் கதை என்றால் நமது சினிமாக்காரர்களிடம் சில அச்சுகள் தயாராய் இருக்கின்றன. கண்ணாடி போட்டவன் படிப்பாளி. கடைசிப் பெஞ்சுக்காரன் போக்கிரி. பருத்தவன் தின்பண்டப் பிரியன். வெளுத்த பெண் கதாநாயகி. கறுத்த பெண் அவளுக்குத் தோழி, மற்றவர்களுக்குக் கேலிப் பொருள். முதல் காட்சியில் குத்திய முத்திரை கடைசிக் காட்சி வரையில் அழிவதில்லை. "இரண்டரை மணி நேரப் பொழுதுபோக்குத்தானே, இதற்கு இவ்வளவு விசாரம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். புராணக் காலட்சேபமும் பொழுதுபோக்கு என்றுதான் நடந்தது. அதைக் கேட்டுக் கேட்டுத்தானே பிறவியில் உயர்வும் தாழ்வும் உண்டென்று நம் மக்கள் நம்பினார்கள்?

இது நம் நாட்டு வியாதி மாத்திரமல்ல. அமெரிக்காவில் ஜான் ஹியூஸ் என்பவர் 1985ல் "தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்" என்றொரு படம் எடுத்தார். படிப்பாளி, விளையாட்டு வீரன், செல்வச் சீமாட்டி, போக்கிரி, பித்துக்கொள்ளி என்று பெயர் வாங்கிய ஐந்து மாணவர்களை ஒரு சனிக்கிழமை முழுதும் பள்ளியில் தண்டனையாய் உட்கார வைத்து, 'நான் யார்' என்று வியாசம் எழுதச் சொல்லுகின்றார்கள். பேசப் பேச, ஒவ்வொருவரும் தன் முத்திரைக்குள் அடங்காத மனிதர் என்பது வெளியாகின்றது. மிகவும் நல்ல யோசனை. ஆனால் முடிவு என்ன? பித்துக்கொள்ளி என்ற பெண்ணுக்கு முகப்பூச்சும் அலங்காரமும் செய்த பிறகே விளையாட்டு வீரன் அவளிடம் மயங்குகின்றான். ஐந்து பேருக்கும் சேர்த்து வியாசம் எழுதும் வேலை படிப்பாளியின் தலையில்! முத்திரையை அழிக்கப் புறப்பட்டவரே பழைய முத்திரையைத் துடைத்து வேறொன்றைக் குத்தினால், அது விடுதலையாகுமா?

நம் நாட்டில் 2012ல் வந்த "சாட்டை" படத்தில், சீர்கெட்ட சர்க்கார் பள்ளிக்கு நல்ல உபாத்தியாயர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் திருத்துகின்றார். அவருடைய உழைப்பை நாம் மெச்சுகின்றோம். ஆனாலும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சொந்த புத்தி கிடையாது, ஒருவர் வந்துதான் கரையேற்ற வேண்டும் என்கின்ற எண்ணத்தையல்லவா இவ்விதக் கதைகள் வளர்க்கின்றன? இது அவதாரக் கதையின் புதுப் பதிப்பல்லாமல் வேறென்ன?

வெள்ளித்திரையில் முத்திரை குத்தினால் ரத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் குத்தினால் வருகின்றது. தென் ஜில்லாக்களில் பிள்ளைகள் ஜாதிக்கொரு நிறமாய்க் கையில் கயிறு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்ததை நாடு அறியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஆதிதிராவிட மாணவன் ஒருவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பேரில் சர்க்கார் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, கயிறு முதலான ஜாதி அடையாளங்களையும், பள்ளிகளின் பெயரிலுள்ள ஜாதியையும் நீக்க வேண்டுமென்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். ஒரு மாணவனை அவன் யார் என்று பாராமல் அவன் கயிறு என்ன நிறம் என்று பார்ப்பதும், ஒரு பெண்ணை அவள் புத்தியைப் பாராமல் தோலின் நிறத்தைப் பார்ப்பதும் ஒரே புத்தியின் இரண்டு வேலைகளேயாகும்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, பெயருக்குப் பின்னுள்ள ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. நசரத்பேட்டையும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதான். பாண்டிராஜ் 2009ல் எடுத்த "பசங்க" படத்தில் அன்புக்கரசு என்ற பையன் தன் பெயருக்குப் பின்னால் ஐ.ஏ.எஸ். என்று தானே சேர்த்துச் சொல்லிக்கொள்ளுகின்றான். அந்த உத்தியோகம் பெரிதென்று நாம் சொல்ல வரவில்லை. தகப்பன் கொடுத்த பட்டமல்ல, தான் ஆக விரும்புவதைத் தானே தேர்ந்துகொண்ட பெயர் என்பதுதான் முக்கியம். அவனுக்கு எதிரியான ஜீவாவும் பிறவிப் போக்கிரியாய்க் காட்டப்படவில்லை. பெரியவர்களுடைய சண்டை பிள்ளைகள் மேல் எப்படி ஏறுகின்றது என்பதையும் அப்படம் காட்டுகின்றது. ஆகவே அச்சு இல்லாமலும் கதை சொல்ல முடியும், ஜனங்களும் பார்ப்பார்கள் என்பது ருஜுவாகிவிட்டது.

ஆகையால் தோழர்கள் படம் பார்த்துவிட்டு வந்ததும் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுகின்றோம்: "இதில் வருகின்ற பையன் உன் வகுப்பில் இருக்கின்றானா?" இல்லை என்று பிள்ளை சொன்னால் அதன் புத்தி வேலை செய்கின்றது என்று சந்தோஷப்படலாம். இருக்கின்றான் என்று சொன்னால், "அவனிடம் நீ பேசிப் பார்த்ததுண்டா?" என்று மறுபடியும் கேளுங்கள். சுயமரியாதை அந்த இடத்தில்தான் ஆரம்பமாகின்றது.