விளையாட்டும் ஆங்கில வாசிப்பும்

பத்திரிகைத் துறையில் நான் காலடி வைத்த நாட்களில் எனக்கு ஆங்கிலத்தைக் கற்பித்தது பாடசாலையன்று. ஆசிரியபீடத்தின் மூலையில் இரவுபகலாகக் கடகடத்துக்கொண்டிருந்த டெலிபிரிண்டர் இயந்திரமே. வெளிநாட்டுச் செய்தியைத் தமிழாக்கும்போது ‘அன்லெஸ்’ என்ற சிறு சொல்லொன்றைக் கவனியாது விட்டால், மறுநாள் பத்திரிகையில் செய்தியின் பொருளே தலைகீழாகிவிடும். அந்த அச்சமே ஒவ்வொரு சொல்லையும் ஊன்றி வாசிக்க வைத்தது.

எமது மாணவர்கள் மூன்றாம் தரத்திலிருந்து க.பொ.த. சாதாரண தரம் வரை ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கின்றனர். ஆயினும் அவர்கள் ஒரு பந்தியை வாசிப்பது அதன் கீழுள்ள வினாக்களுக்கு விடை எழுதுவதற்காகவே. பிழையாக விளங்கிக்கொண்டால் சில புள்ளிகள் குறையும்; வேறொன்றும் நிகழ்வதில்லை.

இந்தக் குறையை நிரப்பும் ஆற்றல், பெற்றோர் வெறுக்கின்ற கணினி விளையாட்டுகளில் ஒருவகைக்கு உண்டு என்பது எனது கருத்து. பாத்திரமேற்று விளையாடும் விளையாட்டுகளையே குறிப்பிடுகின்றேன். 1996இல் ஜப்பானில் வெளிவந்து, 1998இல் ஆங்கிலத்துக்கு வந்த முதலாவது போக்கிமொன் விளையாட்டில் பாத்திரங்கள் வாய்திறந்து பேசுவதில்லை. அவர்களது பேச்சு முழுவதும் எழுத்தாகவே திரையில் தோன்றும். அடுத்து எங்கே செல்வது, எதனைப் பெறுவது என்பவற்றை வாசித்தே அறிய வேண்டும். வாசிக்காத பிள்ளை வழி தெரியாது நிற்கும்.

வாள், மந்திரம், பூதம் போன்ற சொற்களைக் கற்று என்ன பயன் என்று கேட்கலாம். பயன் அச்சொற்களில் இல்லை. ‘முன்னர்’, ‘பின்னர்’, ‘ஆனால்’, ‘இல்லாவிட்டால்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சிறுசொற்களின் கனத்தைப் பிள்ளை அங்கேதான் உணர்கின்றது.

இவ்வகைக்கு நெருங்கிய உறவான ‘மிஸ்ட்’ என்னும் புதிர் விளையாட்டு 1993இல் வெளிவந்தது. அதிலுள்ள நூலகத்தின் ஏடுகளை வாசித்தே பல புதிர்களை அவிழ்க்க வேண்டும். இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகருக்கு அண்மையிலுள்ள சூ மக்னா ஆரம்பப் பாடசாலையின் ஆசிரியர் டிம் ரைலண்ட்ஸ், மிஸ்ட் வரிசை விளையாட்டுகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பிள்ளைக்கொரு கணினி அங்கே இருக்கவில்லை. வகுப்பு முழுவதும் ஒரே திரையைப் பார்த்தது. கண்டதைப் பற்றிப் பிள்ளைகள் பேசினர், பின்னர் எழுதினர். இப்பணிக்காக அவருக்கு 2005இல் பெக்டா விருது கிடைத்தது.

அப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டுமொழி. எமது பிள்ளைகளுக்கு அவ்வாறன்று. எனவே ஆசிரியரின் பணி இங்கே இரட்டிப்பாகின்றது. பிள்ளையின் கையில் விளையாட்டைக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டால், பிள்ளை எழுத்தைத் தாண்டிப் பொத்தானையே அமுக்கும். குரலில் பேசும் விளையாட்டுகளைத் தெரிந்தாலும் வாசிப்பு வளராது. காது கேட்க, கண் ஓய்ந்துவிடும். வன்முறை மிகுந்தவற்றையும் விலக்கத்தான் வேண்டும்.

எழுத்து நிறைந்த விளையாட்டொன்று, ஒரு கணினி, வாரத்தில் ஒரு பாடவேளை ஆகியன போதும். ஒவ்வொரு தெரிவுக்கும் முன்னர், “இங்கே என்ன எழுதியிருக்கின்றது? அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்?” என்று ஆசிரியர் கேட்கட்டும். பிழையான விடை சொன்னாலும் அதன்படியே நடந்து பார்க்கட்டும். கதவு திறக்காதபோது, அந்த வசனத்தை மீண்டும் வாசிக்கும்படி பிள்ளைகளுக்கு எவரும் சொல்ல வேண்டியிராது.