ஈட்டி இலையும் பகுபதமும்



தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின், வாயில் நுழையாத அறிவியல் சொற்களைக் கண்டு மிரள்வதுண்டு. தாய்மொழிக் கல்வியே அதற்குக் காரணம் என்போரும் உளர். இக்கருத்தை நான் ஏற்பதற்கில்லை. அச்சொற்களை உடைத்துப் பார்க்கும் கருவி நம் இலக்கண வகுப்பிலேயே இருக்கிறது.

இலையின் வடிவத்தைச் சுட்டும் ‘லான்சியோலேட்’ என்னும் ஆங்கிலப் பெயரடையை எடுத்துக்கொள்வோம். இலத்தீன மொழியில் ‘லான்சியா’ என்றால் ஈட்டி. ‘ஒலா’ சிறுமையைக் குறிக்கும் ஒட்டு. எனவே ‘லான்சியோலா’ என்பது சிற்றீட்டி. இறுதியிலுள்ள ‘ஏட்’, ‘அவ்வடிவுடைய’ என்னும் பொருள் தருகிறது. அரளியிலை போல நீண்டு, நுனி நோக்கிக் கூராகச் செல்வதே ஈட்டி வடிவ இலை.

‘நடந்தான்’ என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி எனப் பிரிக்கும் மாணவனுக்கு இது கடினமா? நன்னூல் கூறும் ஆறு பகுபத உறுப்புகளில் முன்னொட்டு இல்லை. அதை மட்டும் புதிதாகக் கற்பித்தால் போதும். ‘கோர்டேட்’ என்றால் இதய வடிவம், வெற்றிலையை நினைத்துக்கொள்ளலாம். அதன் முன் ‘ஆப்’ சேர்ந்தால் வடிவம் தலைகீழாகும். புளியாரையின் சிற்றிலை அத்தகையது. இனி ‘ஆப்லான்சியோலேட்’ என்ற சொல்லைக் கண்டால், நுனிப்பக்கம் அகன்ற ஈட்டி வடிவம் என்று பிள்ளை தானே கண்டுகொள்வான்.

ஒலிப்பு வேறு கணக்கு. லான்-சி-அ-லேட் என நான்கு ஒலியசைகள், அழுத்தம் முதலசையில். நம் பிள்ளைகள் எல்லா அசைகளையும் ஒரே அழுத்தத்தில் வாசிப்பதால், முதலசையை ஓங்கி ஒலிக்கப் பழக்க வேண்டும். இதனை யாப்பின் அசையோடு குழப்பிவிடலாகாது. ‘மலர்’ யாப்பில் ஒரே நிரையசை. ஒலியசைக் கணக்கில் இரண்டு. சொல்லுறுப்பு முறியும் இடத்தில்தான் ஒலியசையும் முறிய வேண்டும் என்பதும் இல்லை. ஒலியசை நாவுக்கு உதவும். சொல்லுறுப்பு அறிவுக்கு உதவும். இரண்டையும் தனித்தனியே கற்பிப்பதே முறை.

பெற்றோர்களே, சொற்பட்டியலைக் கொடுத்து மனனம் செய்யச் சொல்லாதீர்கள். “இச்சொல்லில் எத்தனை உறுப்புகள்? ஒவ்வொன்றுக்கும் பொருள் என்ன?” என்று கேளுங்கள். முதலில் தமிழில் பொருள் விளங்கட்டும்; பிறமொழிச் சொல் தானே நினைவில் நிற்கும்.