புள்ளி விழாத இரவு



ஆடிப்பெருக்கு நெருங்கிவிட்டால் சிவகாசிக்கு இரவு என்று ஒன்று கிடையாது. புது வருஷக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும் நாள் அது. அதற்கு முந்தைய வாரங்களில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஆப்செட் மெஷின் ஓடும் சத்தம் கூடவே வரும். நம் இதழின் அலுவலகம் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் இருப்பதால் எங்கள் மேஜைகளும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அப்படி ஓர் இரவில், இதழ் முடிக்கிற நேரத்தில், என் லேப்டாப்பில் ஒரே ஒரு விசை படுத்துவிட்டது. ஆங்கிலத்தில் அது ‘எஃப்’. தமிழ்99 முறையில் தட்டுகிற எனக்கு அதுதான் புள்ளி.

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மற்ற எழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே எழுத்தை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழுந்துவிடும். ந-வை அடுத்து த, ங-வை அடுத்து க வந்தாலும் அப்படியே. அதனால் அன்றிரவு நடுப்புள்ளிகளுக்கு அவ்வளவாகக் குறைவில்லை. சொல்லின் கடைசியில் நிற்கிற புள்ளிகள்தான் பெரும்பாலும் காணாமல் போயின. ‘சிவகாசியில அச்சகங்கள பெருகின’ என்று வந்தது.

எங்களிடம் மெய்ப்புப் பார்க்கும் அண்ணாச்சி அந்தக் காலத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். அந்த வரிகளைத் தடங்கலே இல்லாமல் வாசித்தார். “பழைய ஏட்டுல மட்டும் புள்ளி இருந்துச்சாக்கும்? வச்சா ஓலை கிழிஞ்சிரும்னு வைக்காமலே எழுதிட்டுப் போயிட்டாங்க” என்றார். உண்மைதான். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஆனாலும் சுவடி வாசித்தவர்கள் புள்ளியைத் தாங்களே மனசில் வைத்துக்கொண்டுதான் வாசித்தார்கள். யாழ்ப்பாணத்து முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி வகுத்தபோது, எழுத்தின் தலையில் ஏறும் குறிகளுக்காக, அடித்தாலும் வண்டி நகராத ‘நகரா விசை’யை அமைத்தார். நம் எழுத்துக்குப் புள்ளி எவ்வளவு வேலை வாங்கியிருக்கிறது என்று அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன்.

அண்ணாச்சி அடுத்துக் கேட்ட கேள்விதான் முக்கியம். “ஒரு எழுத்து மட்டும் விழலையா, கூடச் சேர்ந்து நாலஞ்சும் விழலையா?”

கீபோர்டு பழுதில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். விசைகளுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் கோடு கோடாக மின்பாதை அச்சிட்டிருப்பார்கள். குறுக்கே சில, நெடுக்கே சில. நாம் ஒரு விசையை அழுத்தும்போது ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்கின்றன. எந்த இடத்தில் தொட்டன என்பதை வைத்து லேப்டாப் எழுத்தைக் கண்டுகொள்கிறது. ஒரே விசை மட்டும் மக்கர் செய்தால் பெரும்பாலும் அந்த விசைக்கு அடியில்தான் ஏதோ கிடக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து விசைகள் ஒரே நாளில் நின்றுபோனால் கோடு அறுந்திருக்கலாம், அல்லது உள்ளே போகும் பட்டை ஒயர் கழன்றிருக்கலாம். அது துடைத்துத் தீர்கிற பழுது அல்ல.

பழுதே இல்லாமல் பழுதுபோலக் காட்டுகிற விஷயங்களும் உண்டு. சில சின்ன லேப்டாப்களில் நம்லாக் விழுந்துவிட்டால் ‘ம’ தட்டினால் 2 வரும், ‘ப’ தட்டினால் 1 வரும். விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்ட் விசையை எட்டு நொடி அழுத்திக்கொண்டே இருந்தால் ‘ஃபில்டர் கீஸ்’ என்ற வசதி விழித்துக்கொள்ளும். கை நடுங்குகிறவர்களுக்காகச் செய்த நல்ல வசதி அது. ஆனால் அது இயங்குவது தெரியாதவருக்கு, வேகமாகத் தட்டுகிற எழுத்தெல்லாம் தொலைந்துபோவதுபோல இருக்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். அடுத்து, விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். அதில் மவுஸால் எஃப்-ஐத் தொட்டேன்; புள்ளி விழுந்தது. மென்பொருளில் குறையில்லை, குறை விசையில்தான் என்பது அந்த ஒரு சொடுக்கில் தெரிந்துவிட்டது. அன்றிரவு மீதிப் புள்ளிகளை மவுஸால் ஒவ்வொன்றாக வைத்து இதழை முடித்தோம்.

மறுநாள் காலை, பழுது பார்க்கிற கடையில் ஓர் இளம்பெண் லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். சார்ஜரைப் பிடுங்கினாள், முழுவதும் அணைத்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்த இரும்பு மேஜைக்காலை உள்ளங்கையால் தொட்டுவிட்டு வந்துதான் திருப்புளியை எடுத்தாள். ஏனம்மா என்று கேட்டேன். “எங்க அப்பா மருந்து ரூமுக்குள்ள போறப்ப இப்படித்தான் சார், தகட்டைத் தொட்டுட்டுப் போவாரு” என்றாள். பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறை வாசலில் பதித்திருக்கும் உலோகத் தகட்டைத்தான் சொன்னாள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரத்தை அதில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். நம்முடையது வறண்ட பூமி. காற்றில் ஈரம் குறையக் குறைய நிலைமின்சாரம் சுலபமாகச் சேரும். நமக்கு உறைக்காத சின்னப் பொறிகூட லேப்டாப்புக்குள் இருக்கும் சில்லுகளைக் கெடுத்துவிடும். அப்பா தொழிலில் பார்த்த ஜாக்கிரதையை மகள் தன் தொழிலுக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எஃப் விசையின் மூடியை ஓரத்தில் நெம்பி எடுத்தாள். அடியில் கத்தரிக்கோல் போலக் குறுக்காக மடங்கும் இரண்டு குட்டிப் பிளாஸ்டிக் சட்டங்கள், நடுவில் ரப்பர் குமிழ். அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு பசை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆப்செட்டில் ஒரு தாளின் ஈர மை மேலே விழும் தாளில் ஒட்டாமல் இருக்க ஸ்ப்ரே பவுடர் தூவுவார்கள். பெரும்பாலும் மாவுப்பொடிதான். சீசனில் அது மாடிப்படி ஏறி எங்கள் மேஜைவரை வந்துவிடும். அதன்மேல் என்றைக்கோ ஒரு சொட்டு டீ விழுந்திருக்கிறது. மாவும் டீயும் சேர்ந்தால் காலண்டர் ஒட்டுகிற பசைதானே!

காதுக் குச்சியில் ஐபிஏ தொட்டுத் துடைத்தாள். ஆப்செட் மெஷினின் தண்ணீர்த் தொட்டியில் கலக்கிற அதே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். விசையைக் கெடுத்ததும் எங்கள் கீழ்த்தளம்தான், மருந்து இருந்ததும் அங்கேதான். வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம்; முழுக்க உலர்ந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். ஸ்பேஸ், எண்டர் போன்ற நீள விசைகளுக்கு அடியில் கம்பி இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அவற்றை நெம்ப வேண்டாம்.

தூசிக்கு ஊரும் விலையும் தெரியாது. ஆப்பிள் நிறுவனம் 2015-ல் ‘பட்டர்ஃப்ளை’ என்ற மிக மெல்லிய விசையமைப்பைக் கொண்டுவந்தது. விசைகள் சிக்குகின்றன, எழுத்துகள் இரட்டிக்கின்றன என்று புகார்கள் குவிந்து, 2018-ல் இலவசமாகவே சரிசெய்து தரும் திட்டத்தை அறிவிக்க வேண்டியிருந்தது. 2019-ன் கடைசியிலிருந்து பழைய கத்தரி அமைப்புக்கே திரும்பினார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் பொறுமை காட்டவே கூடாது. கீபோர்டின் நடுப்பகுதி மேடு தட்டினாலோ, டச்பேட் பிதுங்கினாலோ, லேப்டாப் தரையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, கோளாறு விசையில் இல்லை. உள்ளே பேட்டரி உப்புகிறது. அழுத்திப் பார்க்காதீர்கள். சார்ஜ் போடுவதை அந்த நிமிஷமே நிறுத்தி, அணைத்து, துணிமணிகளிலிருந்து தள்ளி வைத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். லித்தியம் பேட்டரி பற்றினால் என்ன ஆகும் என்று பட்டாசு ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் இந்தப் பக்கத்தில் எழுதக் காரணம் பக்கத்தில் திருத்தங்கலில் நான் பார்த்த ஒரு வீடு. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் ஒன்று, துண்டில் சுற்றி பீரோ மேல் இரண்டு வருஷமாகக் கிடந்தது. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆலையில் வேலை. மகள் வேலைக்கான விண்ணப்பங்களைச் செல்போனில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிரப்பிக்கொண்டிருந்தாள். “அது ஆன் ஆகும் மாமா, உள்ளதான் போகாது” என்றாள். கடவுச்சொல்லில் இருந்த ஓர் எழுத்தின் விசை வேலை செய்யவில்லை. அவ்வளவுதான். அடிப்பக்கம் உப்பவில்லை என்று பார்த்துக்கொண்டு சார்ஜரைச் சொருகினோம். நுழைவுத் திரையின் ஓரத்தில் இருக்கும் அணுகல் வசதிக் குறியைத் தொட்டுத் திரைக் கீபோர்டை வரவழைத்து அந்த எழுத்தை வைத்தோம். திறந்துகொண்டது. பள்ளிக்கூட நாளில் அவள் செய்த ஒப்படைப்புகள், தோழிகளோடு எடுத்த படங்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றார்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் சொருகினால் அந்த லேப்டாப் இன்னும் சில வருஷம் ஓடும். உங்கள் வீட்டு பீரோ மேலும் இப்படி ஒன்று இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் இரண்டு கீபோர்டு சும்மா கிடக்கின்றன. சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிற பிள்ளைகள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும். மாடிப்படியில் பவுடர் படிந்து கொஞ்சம் வழுக்கும், பார்த்து ஏறி வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்