ஆலனிலும் ஒரு கல்லணை
டெக்சாஸின் ஆலன் நகரம் நம்மவர்களுக்குப் புது வீடுகளின் ஊர், அவ்வளவுதான். உண்மையில் 1872 வாக்கில் ரயில் பாதையை ஒட்டிப் பிறந்த ஊர் அது. நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் வேண்டுமே! 1874-இல் காட்டன்வுட் ஓடையின் குறுக்கே ரயில்வேக்காரர்கள் கல்லால் ஓர் அணை கட்டினார்கள். 1878 பிப்ரவரியில் சாம் பாஸ் என்பவனின் கும்பல் இந்த ஊரில்தான் ரயிலைக் கொள்ளையடித்தது. வழக்கம்போல, கொள்ளைக்காரன் பெயர் பரவிய அளவுக்கு அணையின் பெயர் பரவவில்லை. சொந்த ஊரிலிருந்து வரும் விருந்தினருக்கு, உயர்நிலைப் பள்ளிக்காக 6 கோடி டாலரில் எழுந்த விளையாட்டரங்கத்தைக் காட்டுகிறோம். பிள்ளைகளுக்குக் கரிகாலனின் கல்லணையைப் பெருமையாகச் சொல்கிறோம். பக்கத்திலிருக்கும் இந்தக் கல்லணைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்துப் போங்கள்.