உருண்டைக்கு ஓர் ஆடை



கேக்கை உதிர்த்து, சிறிது வெண்ணெய்க் கிரீம் சேர்த்துப் பிசைந்து, உருண்டையாக்கிக் குச்சியில் செருகும் 'கேக் பாப்' நம் இல்லங்களிலும் இன்று இடம்பிடித்துவிட்டது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்மணி ஆஞ்சி டட்லி இதனைப் பரப்பினார். 2010இல் அவரது நூலும் வெளிவந்தது. உருண்டை பிடிப்பது எளிது. அதன்மேல் வழவழப்பான ஆடையை உடுத்துவதுதான் கடினம். அதைப் பற்றியே இம்மாதம் பேசுவோம்.

எங்கள் தெருவில் ஒரு சகோதரி இருக்கிறார். கணவரை இழந்தவர். கேக் செய்து கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு அறுபது உருண்டைகள் கேட்டு, முன்பணமும் கொடுத்திருந்தார்கள். விருந்துக்கு முந்தைய நாள் காலையில் என் வீட்டுக்கு ஓடி வந்தார். "லாத்தா, சாக்லேட் காயவே இல்லை. கையெல்லாம் ஒட்டுகிறது" என்றார். அன்று சித்திரை வெயில். மின்விசிறி சுழன்றும் சமையலறை கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் வாங்கியிருந்தது விலை உயர்ந்த அசல் சாக்லேட். குற்றம் அவருடையதும் அன்று, சாக்லேட்டுடையதும் அன்று. அசல் சாக்லேட்டில் இருப்பது கோகோ வெண்ணெய். அது ஆறு வகையான படிகங்களாக உறையக் கூடியது. அவற்றுள் ஒரு வகை மட்டுமே பளபளப்பையும், கடித்தால் 'டக்' என்று உடையும் தன்மையையும் தரும். அந்தப் படிகத்தைப் பெறுவதற்குச் சாக்லேட்டை முறைப்படி சூடாக்கி, ஆற்றி, மீண்டும் இளஞ்சூடாக்க வேண்டும். இதனை 'டெம்பரிங்' என்பார்கள். கறுப்புச் சாக்லேட்டை 45 முதல் 50 பாகை செல்சியஸ் வரை உருக்கி, 27 அல்லது 28 பாகைக்கு ஆற்றி, பின்னர் 31 அல்லது 32 பாகைக்கு உயர்த்த வேண்டும். பால் சாக்லேட்டுக்கும் வெள்ளைச் சாக்லேட்டுக்கும் இறுதிச் சூடு இரண்டு மூன்று பாகை குறைவு.

இப்போது ஒன்றைச் சிந்தியுங்கள். நம் சமையலறையே கோடையில் 34, 35 பாகையில் இருக்கிறது. அந்த வெப்பத்தில் சாக்லேட் எங்கிருந்து உறையும்? குளிர்பதன அறையும் வெப்பமானியும் உள்ளவர்கள் மட்டுமே அசல் சாக்லேட்டில் கை வைக்கலாம். சுவையில் அதற்கு நிகரில்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் சுவையைக் காக்கும் சூழல் நம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

மற்றவர்களுக்கு ஏற்றது 'காம்பவுண்ட்' எனப்படும் சாக்லேட் பூச்சு. இதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகக் கடினமாக்கப்பட்ட தாவரக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள். படிகப் பக்குவம் தேவையில்லை. உருக்கலாம், முக்கலாம், உறைய விடலாம். விலையும் குறைவு. சுவையும் சற்றுக் குறைவுதான். வாயில் மெழுகு போன்ற ஓர் உணர்வு எஞ்சும். வெளிநாட்டுக் கடைகளில் 'கேண்டி மெல்ட்ஸ்' என்று பல நிறங்களில் விற்பதும் இவ்வகையே. சுவை கூட்டலாம் என்று எண்ணி இரண்டு வகையையும் கலந்துவிடாதீர்கள். இரு கொழுப்புகளும் ஒன்றோடொன்று இணங்குவதில்லை. பூச்சு மென்மையாகி, சில நாட்களில் வெண்படலம் பூத்துவிடும்.

வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். 'கோகோ வெண்ணெய்' என்றிருந்தால் அசல். 'தாவரக் கொழுப்பு' என்பது முதன்மையாக இருந்தால் காம்பவுண்ட். மேலே தூவும் வண்ண மணிகளையும் கவனியுங்கள். பளபளப்புக்காகப் பூசும் அரக்கு (904), சிவப்பு நிறத்துக்காகப் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் (120), ஜெலட்டின் ஆகியவை சிலவற்றில் இருக்கும். நம் நாட்டுப் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளி ஓரளவு வழிகாட்டும். ஆயினும் எசன்ஸில் மதுசாரம் உண்டா என்பதை அப்புள்ளி சொல்லாது. அதைத் தனியே பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள்.

மீண்டும் அந்தச் சகோதரியிடம் வருவோம். உடனே காம்பவுண்ட் வாங்கி வரச் செய்தோம். உருண்டைகள் இளகிவிடக் கூடாதென்று அவர் அவற்றை உறைபெட்டியில் கல்லாக்கி வைத்திருந்தார். முக்கியவுடன் பூச்சு நொடியில் உறைந்தது. அவர் முகம் மலர்ந்தது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் பத்துப் பதினைந்து உருண்டைகளில் நெடுக விரிசல். காரணம் எளியது. உறைந்த உருண்டை அறைச் சூட்டுக்கு வரும்போது விரிகிறது. மேலுள்ள பூச்சோ இறுகிச் சுருங்குகிறது. விரியும் உடலுக்குச் சுருங்கும் சட்டை போட்டால் தையல் பிரியத்தானே செய்யும்?

மூன்றாம் முறை அவசரப்படவில்லை. அந்த முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

உருண்டைகளை மூடிய பெட்டியில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் குளிர வையுங்கள். முக்குவதற்கு ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு முன் வெளியே எடுங்கள். தொட்டால் குளிர்ச்சியும் உறுதியும் தெரிய வேண்டும். கல்லாக இருக்கக் கூடாது. மேலே ஈரம் வியர்த்திருந்தால் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

பூச்சை உருக்கும்போது தண்ணீர்தான் பெரும் பகை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சர்க்கரையும் கோகோத் துகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, உருகிய சாக்லேட் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பாத்திரம், கரண்டி, கை மூன்றும் உலர்ந்திருக்கட்டும். அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்து, தண்ணீர் கொதித்ததும் தீயை அணைத்துவிட்டு, அதன்மேல் பொருந்தும் கிண்ணத்தில் பொடித்த பூச்சை இடுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பெனில் பாதிச் சூட்டில் முப்பது முப்பது நொடியாக வைத்து, ஒவ்வொரு முறையும் கிளறுங்கள். 40 முதல் 45 பாகை போதும். வெப்பமானி இல்லையென்றால், ஒரு துளியை மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாகத் தெரிந்தால் சரி. வெள்ளைப் பூச்சில் பால் பொருள் மிகுதி. அது விரைவில் கருகிக் கெட்டிப்படும். அதற்குத் தீ இன்னும் மெல்லியதாக இருக்கட்டும்.

அடுத்தது பதம். கரண்டியைத் தூக்கினால் நூலறாமல் வழிந்து, விழுந்த தடம் சில நொடிகளில் மறைய வேண்டும். குவியலாக நின்றால் அது கெட்டி. அரைக் கிலோ பூச்சுக்கு ஒரு தேக்கரண்டி நெடியற்ற தேங்காய் எண்ணெய் விட்டுக் கலந்து பாருங்கள், தேவையானால் இன்னொன்று. அதற்கு மேல் போனால் நம் வெயிலில் பூச்சு இறுகாமல் பிசுபிசுக்கும். அசல் சாக்லேட்டைத் தளர்த்தக் கோகோ வெண்ணெயே சிறந்தது. பாலோ தண்ணீரோ ஒருபோதும் வேண்டாம். நிறம் சேர்ப்பதாயினும் எண்ணெயில் கரையும் நிறமே பொருந்தும். தண்ணீர் நிறம் பூச்சைத் திரளச் செய்யும்.

குச்சியின் நுனியை ஒன்றரை விரற்கடை அளவு பூச்சில் தோய்த்து, உருண்டையின் பாதி ஆழம் வரை செருகி, ஐந்து நிமிடம் விடுங்கள். இதுவே பசையாக நின்று உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் உருண்டையைப் பூச்சுக்குள் தவற விடுகிறார்கள்.

பூச்சை அகன்ற கிண்ணத்தில் வைக்காமல் ஆழமான குவளையில் ஊற்றுங்கள். உருண்டையை நேராக உள்ளே இறக்கி, குச்சியைத் தொடும் வரை முழுவதும் மூழ்கச் செய்து, நேராக மேலே எடுங்கள். உள்ளே சுழற்றவோ கலக்கவோ கூடாது. கலக்கினால் கேக் உதிர்ந்து பூச்சில் கரடுதட்டும். வெளியே எடுத்தபின் குச்சியைச் சற்றுச் சாய்த்து, மறுகையால் மணிக்கட்டில் மெல்லத் தட்டியபடி மெதுவாகச் சுழற்றுங்கள். மிகுதி வழிந்துவிடும், வழவழப்பு தானே வரும். வண்ண மணிகளை அந்த ஈரத்திலேயே தூவ வேண்டும். பின்னர் தெர்மோகோல் பலகையிலோ, அரிசி நிரப்பிய ஆழமான டப்பாவிலோ குச்சியை ஊன்றி நிறுத்துங்கள். அரைக் கிலோவில் ஏறத்தாழ இருபத்தைந்து உருண்டைகளுக்குப் பூசலாம். குவளையின் ஆழம் குறைந்துகொண்டே வருமாதலால் கூடுதலாகவே உருக்குங்கள்.

குச்சியருகே சிறு துளை விட்டிருந்தால், அதன் வழியே எண்ணெய் கசியும். பல் குத்தும் குச்சியால் ஒரு துளிப் பூச்சை வைத்து அடைத்துவிடுங்கள். எங்கும் எண்ணெய் வடிந்தால் பிழை பூச்சில் அன்று. பிசையும்போது கிரீமை மிகுதியாகச் சேர்த்துவிட்டீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதாயின் மூடிய டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் குளிர் நீங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் காற்றின் ஈரம் பூச்சின் மீது முத்துமுத்தாகப் படிந்து பளபளப்பைக் கெடுத்துவிடும்.

அன்று நள்ளிரவுக்குள் அறுபதும் ஒழுங்காக நின்றன. விரிசல் விழுந்தவற்றை மீண்டும் முக்கி மறைத்துவிடலாமா என்று அந்தச் சகோதரி ஒரு கணம் தயங்கினார். பிறகு அவரே வேண்டாமென்று அவற்றைத் தம் பிள்ளைகளுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார். விருந்து வீட்டாருக்குத் தொலைபேசியில், "அசல் சாக்லேட் என்று சொல்லியிருந்தேன், இந்த வெயிலில் அது நிற்கவில்லை. பூசியிருப்பது காம்பவுண்ட். விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர்கள் குறைத்துக்கொண்டார்கள். அம்முறை அவருக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனால் அடுத்த விருந்துக்கும் அதே வீட்டார் அவரையே தேடி வந்தார்கள்.

விற்பதற்காகச் செய்யும் சகோதரிகள் இதை மனத்தில் கொள்ளுங்கள். காம்பவுண்ட் பூசுவதில் இழிவு இல்லை. அதைப் பூசிவிட்டு அசல் சாக்லேட் விலையை வாங்குவதில்தான் இருக்கிறது. எடையில் மட்டுமன்று, சொல்லும் பெயரிலும் அளவு குறையக் கூடாது. உருண்டைக்கு உடுத்தும் ஆடை உள்ளேயுள்ள குறையை மறைக்கும் திரையாகிவிட வேண்டாம்.

முதல் முறை பத்தே உருண்டைகள் செய்து பாருங்கள். கை பழகியபின் நூறும் எளிதாகும். அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், மிஞ்சிய பூச்சை வீணாக்காமல் பயன்படுத்தும் வகைகளோடு சந்திப்போம்.