பெட்டியைத் தூக்கியவருக்கு அட்டை கொடுத்தவர் யார்?

2021 ஜனவரி 12 அன்று, விடியும் முன்பே, புனேயின் சீரம் நிறுவனத்திலிருந்து குளிரூட்டப்பட்ட மூன்று லாரிகள் லோஹேகாவ் விமான நிலையத்திற்குப் புறப்பட்டன. அவற்றில் 478 பெட்டிகள். ஒவ்வொன்றும் 32 கிலோ எடை. அன்று 9 விமானங்களில் 13 நகரங்களுக்கு 56.5 லட்சம் தடுப்பூசிகள் செல்லும் என்று விமானப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். அவற்றுள் சென்னையும் ஒன்று. லாரிகளுக்குப் பூசை நடந்தது, விமானங்கள் படம்பிடிக்கப்பட்டன. இரண்டுக்கும் இடையில் அப்பெட்டிகளைச் சுமந்த கைகள் பேசுபொருள் ஆகவில்லை.

அந்தக் கைகள் விமானத்தின் அருகில் செல்ல ஓர் அட்டை வேண்டும். விமான நிலைய நுழைவு அனுமதி என்பது அதன் பெயர். ஊழியர் வழக்கில் ஏ.இ.பி. சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் ஒப்புதலும் காவல்துறையின் பின்னணிச் சரிபார்ப்பும் இல்லாமல் அது கிடைக்காது. எந்தெந்தப் பகுதிக்குள் செல்லலாம் என்பதை அட்டையிலுள்ள எழுத்துக்குறிகள் சொல்லும். ஊரடங்குக் காலத்தில் காவல்துறை தந்த பயண அனுமதி ஒரு சுமைத்தொழிலாளரை நிலையத்தின் வாயில் வரை கொண்டுவரும். அதற்கு அப்பால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஆகவே, பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு விமான நிலையம் இயங்குமா என்பதை ஓடுபாதை மட்டும் தீர்மானிப்பதில்லை. ‘பாஸ் செக்‌ஷன்’ எனப்படும் சிறிய அலுவலகமும் தீர்மானிக்கிறது. அதை ஒத்திவைக்கத்தக்க காகித வேலையாகக் கருதுவது பிழை.

‘அத்தியாவசியம்’ என்ற சொல்லை அரசு அறியாததன்று. 1968ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், விமான நிலைய இயக்கத்தோடு தொடர்புடைய எந்தப் பணியையும் அச்சொல்லுக்குள் அடக்கியது. ஆனால் அச்சட்டத்தின் நோக்கம் வேலைநிறுத்தத்தைத் தடுப்பது. ஊழியர் வேலையை நிறுத்தக்கூடாது என்னும்போது விரிந்த சொல், அவருக்கு ஏதேனும் தரவேண்டிய இடத்தில் சுருங்கிவிடுகிறது. 2020 ஏப்ரல் 15 அன்று வெளியான உள்துறை அமைச்சக வழிகாட்டுதல்கள், மத்திய அரசு அலுவலகங்களில் துணைச் செயலாளரும் அதற்கு மேற்பட்டோரும் முழு அளவில் வரவேண்டும், ஏனையோர் தேவைக்கேற்ப 33 விழுக்காடு வரை வரலாம் என்றன. சில துறைகளுக்கு விலக்கு இருந்தது; பொதுவிதியின் அளவுகோல் மட்டும் பதவியே. முகப்பில் அமர்ந்து ஆவணம் சரிபார்க்கும் எழுத்தர் அந்த ‘ஏனையோர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகிறார்.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். காலாவதி நாளை நீட்டித்தால் போதாதா என்பது முதலாவது. ஓட்டுநர் உரிமங்களின் செல்லுபடியை 2020 மார்ச் 30 முதல் பலமுறை நீட்டித்ததைச் சான்றாகக் காட்டுவர். ஓட்டுநர் உரிமம் ஒருவரின் திறனுக்குச் சான்று. விமான நிலைய அட்டையோ ஒருவருக்கும் அவருடைய வேலையளிப்பவருக்கும் இடையிலான உறவுக்குச் சான்று. பெருந்தொற்று முதலில் அறுத்தது அந்த உறவைத்தான். ஒருவர் நோயுற்றார், ஒருவர் ஊர் திரும்பினார், ஒருவர் வேலையிழந்தார். அவர்களுக்கு மாற்றாக வந்தவரிடம் நீட்டிப்பதற்கு நாளே இல்லை. வேலையிழந்தவரின் அட்டையோ திரும்பப் பெறப்பட வேண்டியது. பொதுவான நீட்டிப்பு அதற்கும் உயிர் கொடுக்கும். வழங்குவதும் முடக்குவதும் ஒரே அலுவலகத்தின் இரு கடமைகள். அதை மூடினால் இரண்டும் மூடும்.

எல்லாவற்றையும் இணையத்தில் முடிக்கலாம் என்பது இரண்டாவது. விண்ணப்பமும் கட்டணமும் பாதுகாப்புப் பயிற்சியும் இணையத்துக்கு மாறலாம், மாறவும் வேண்டும். மூல ஆவணத்தோடு முகத்தை ஒப்பிடுவதும், உயிரளவைப் பதிவு உள்ள இடங்களில் கைரேகை எடுப்பதும், அட்டையை உரியவர் கையில் தருவதும் நேரில் மட்டுமே நடக்கும். இவற்றைத் தவிர்த்து வழங்கப்படும் அட்டை பாதுகாப்பு ஆவணமாகாது.

அங்கே அமர்ந்திருப்பவரின் உயிர் என்னாவது என்பது மூன்றாவது. மூன்றில் நேர்மையான கேள்வி இதுவே. ஆனால் அதன் விடை மூடுவதில் இல்லை. நேரம் குறித்த முன்பதிவு, கண்ணாடித் தடுப்பு, ஒருவரையொருவர் சந்திக்காத இரு பணிக்குழுக்கள், தடுப்பூசியில் முன்னுரிமை: இவையே விடை. நடந்தது வேறு. 2021 பிப்ரவரி தொடக்கத்தில் முன்களப் பணியாளருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, காவல்துறையும் துணை இராணுவப் படைகளும் நகராட்சிப் பணியாளரும் பட்டியலில் இருந்தனர். வாயிலில் அட்டையைச் சோதிக்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரருக்கு அதில் இடமிருந்தது. அட்டையை வழங்குபவரும், அந்த அட்டையோடு தடுப்பூசிப் பெட்டியையே தூக்கியவரும் அதில் பெயர் சொல்லப்படவில்லை.

புனேயில் இதன் விலை இன்னும் கூடுதல். அது விமானப்படைத் தளம். பயணிகள் முனையம் அதன் ஓரத்தில் உள்ள பகுதி மட்டுமே. 2020 அக்டோபர் 26 முதல் ஓராண்டு, ஓடுபாதைச் சீரமைப்புக்காக இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை விமானங்கள் இருக்கவில்லை. எஞ்சிய பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அத்தனையும் ஏற்றப்பட வேண்டியிருந்தது. நிரப்பப்படாத ஓர் ஆளின் இடத்தை இரவில் ஈடுசெய்யும் வசதி அங்கே அப்போது இருக்கவில்லை.

அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டத்தில் பாஸ் செக்‌ஷன் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். எத்தனை பேர் எந்த முறையில் அமர்வர், எந்த அட்டைகள் முதலில் வழங்கப்படும், எவை உடனே முடக்கப்படும், அட்டை தாமதமானால் ஒப்பந்தத் தொழிலாளரின் அந்நாள் கூலியை யார் தருவர் என்பவை முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். விநியோகச் சங்கிலிகளை ஆராய்வோர் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் அதே அக்கறையோடு இந்த முகப்பின் வரிசையையும் பதிவு செய்யட்டும்.